மேசையிற் பூட்டிய கை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவோடு மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். அந்த அநியாயத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இன்னும் எழுதத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் தொட விரும்புவது, அதையடுத்த நாட்களில் அங்கே எல்லோரும் கண்ட ஒரு சிறு காட்சியை.

மண்வாரி யந்திரங்கள் வந்தன. ஒரே வீச்சில் ஒரு வண்டி மண்ணை அள்ளக்கூடிய இரும்புக் கைகள் அவை. மழை விடவில்லை, சேறு இளகிக்கொண்டே இருந்தது, தேடுதலைப் பலமுறை நிறுத்தவேண்டியதாயிற்று. கையில் வலு இருந்தது, ஆனால் கை நிற்பதற்கு இடம் இல்லை. வீதியோரத்தில் வாய்க்கால் வெட்டும் சிறிய யந்திரத்தை நம் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். தோண்டத் தொடங்குமுன் அது தன் இரண்டு இரும்புக் கால்களைப் பக்கத்துக்கு ஒன்றாக இறக்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும். கையின் வலு அந்தக் காலில் இருக்கிறது என்பதைப் பௌதிகம் படிக்காத குழந்தைகூட ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளும்.

இதே கேள்வியைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதே நம் விஷயம். மனித உடலுக்குள் நுழைந்து வேலை செய்யும் யந்திரக் கை ஒன்று எங்கே நிற்பது? தரையிலா, கூரையிலா, நோயாளி படுத்திருக்கும் மேசையிலா? இது பொறியியலாளர்களின் சில்லறைப் பிரச்சினை என்று தோன்றலாம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், யாருடைய உடல் அந்த மேசைக்கு வந்து சேரும், யாருடையது சேராது என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பது தெரியும்.

மேசையிற் கருவியைப் பூட்டும் எண்ணம் புதியதன்று. ஹிப்போக்கிரட்டிசின் பெயரால் வழங்கும் கிரேக்கப் பலகை ஒன்று உண்டு. நோயாளியை அதன்மேற் கிடத்தி, இரு முனைகளிலும் உள்ள உருளைகளில் கயிற்றைச் சுற்றி இழுத்து, விலகிய மூட்டை இடத்தில் சேர்ப்பார்கள். பல ஆட்கள் பிடித்திழுக்கவேண்டியதை மரமும் கயிறும் செய்தன. ஆனால் வெட்டும் வேலை என்று வரும்போது, பல நூற்றாண்டுகள் வரை, மேசையைவிட முக்கியமான சாதனம் பலசாலிகளான நாலைந்து ஆட்களே. துடிக்கும் உடலை அழுத்திப் பிடிப்பது அவர்கள் வேலை. வேகமாக அறுப்பது வைத்தியர் வேலை. 1846 ஒக்டோபர் 16ஆம் நாள் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தின்கீழ் பகிரங்கமாகச் சிகிச்சை செய்து காட்டிய பின்னரே உடல் அமைதியாயிற்று. வைத்தியருக்கு நேரம் கிடைத்தது.

நேரம் கிடைத்தவுடன் பிடிக்கும் வேலை முடிந்துவிடவில்லை, வேறு உருவெடுத்தது. வயிற்றைத் திறந்து மணிக்கணக்கில் வேலை செய்யலாமென்றால், திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருக்க யாராவது வேண்டும்; குடல் வழிமறிக்காமல் ஒதுங்க வேண்டும். ஜெர்மனியரான டிரெண்டலன்பேர்க் இதற்கொரு வழி கண்டார். நோயாளியின் தலை தாழவும் இடுப்பு உயரவும் சரித்துக் கிடத்தினால் குடல் தானாகவே மார்புப் பக்கம் சரிந்துவிடும், அடிவயிறு வெளியாகும். அவருடைய மாணவர் ஒருவர் 1885இல் இம்முறையை எழுதி வெளியிட்டார். அந்த ஆரம்ப நாட்களில் சரிவை உண்டாக்கியது எது தெரியுமா? ஓர் உதவியாள் மேசையின் ஓரத்தில் நின்று, நோயாளியின் முழங்கால்கள் இரண்டையும் தன் தோள்களின்மேற் போட்டுக்கொண்டு நிற்பான். சிகிச்சை முடியும்வரை அவனே மேசையின் ஓர் உறுப்பு. வைத்திய வரலாற்றில் டிரெண்டலன்பேர்க்கின் பெயர் நிலைத்தது. அந்தத் தோளுக்குரியவனின் பெயர் எங்கேயும் இல்லை. பிறகு திருகும் பற்சக்கரமும் கொண்ட சரியும் மேசைகள் வந்தன; அவனுக்கு விடுதலை கிடைத்தது.

இதற்குள் நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தவர். 1864 முதல் தமிழில் வகுப்பு நடத்தினார். தமிழ்ச் சொல் இருந்தால் அதையும், இல்லையேல் வடசொல்லையும், இரண்டும் கைகொடாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் எடுத்து, சீடர்களோடு உட்கார்ந்து பெரும் நூல்களைத் தமிழாக்கினார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. அதே 1867இல்தான் ஸ்கொத்லாந்தில் லிஸ்டர், கிருமி நீக்கிச் சிகிச்சை செய்யும் முறையைப் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டில்தான் கண்டிச் சீமையில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆண்டுகள் இப்படி ஒன்றாய் வந்து விழுவதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் ஒரு சத்திரசிகிச்சை நூல் அச்சேறிய வேளையில், தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் சொந்தங்களைக் கொடுத்து, மலைநாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினையாமல் அந்த நூலைப் புரட்டமுடிவதில்லை. மொழி ஒன்றே. ஆனால் நூல் இருந்த இடத்துக்கும் நோயாளி இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு நாடே கிடந்தது.

கிறீனின் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்த 1872ஆம் ஆண்டிலேயே, கோப்பித் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டமும் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவப் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. யார் செலவு செய்வது என்ற வாதம் உடனே எழுந்தது. தோட்டத்துரைமார் தாமே செலுத்தும் கட்டணத்தை வெறுத்தார்கள். பின்னர் ஏற்றுமதிப் பொருளின்மேல் வரி விதித்துச் செலவைச் சமாளித்தது அரசு. 1912இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒரு டிஸ்பென்சர், ஒரு பிள்ளைப்பேற்று விடுதி என்ற அமைப்பு அப்படியே வேரூன்றியது. காய்ச்சல் மருந்து, பேதி மருந்து, புண்ணுக்குக் கட்டு: இதற்குமேல் அங்கே எதிர்பார்க்கக்கூடாது. கத்தி வைக்கவேண்டிய நோய் என்றால், கம்பளியைக் கம்பிற் கட்டித் தொட்டிலாக்கி நாலுபேர் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பிறகு கொழுந்து லொறி வந்தது. தொட்டிலுக்கும் லொறிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரசவ வேதனையோடு அதில் ஏறிய பெண்களிடம் கேட்கவேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் நுழைந்தவர்கள் கவனித்திருப்பார்கள். கொழுந்தைச் சுருட்டும் ரோலர்கள் எவ்வளவு சிரத்தையாகத் தரையில் நிறுத்தப்பட்டிருக்கின்றன! ஆழத் தோண்டிய அத்திவாரம், அதில் இறக்கிய பெரிய ஆணிகள், மட்டம் பார்த்து இறுக்கிய சுரைகள். யந்திரத்தின் நடுக்கம் இலையைக் கெடுக்கக்கூடாதே! பொருளுக்கு வேண்டிய பூட்டும் முறை நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலையுச்சிக்கு ஏறிவிட்டது. அதே ரோலரில் கை அகப்பட்டுக்கொண்டவனைக் கிடத்துவதற்கு ஒரு வாங்குப்பலகை போதுமென்று இருந்தார்கள்.

இனி யந்திரக் கைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் சத்திரசிகிச்சை மேசை, நோயாளியைச் சரிக்கவும் திருப்பவும் உயர்த்தவும் வல்லது. அதன் இரு விளிம்புகளிலும் ஓர் இரும்புச் சட்டம் ஓடும். கையை வைக்கும் பலகை, காலைத் தாங்கும் கவடு, திரைச்சீலைக் கம்பி எல்லாம் அந்தச் சட்டத்திற்றான் பூட்டப்படும். 1960களில் அமெரிக்காவில் தொம்சன் என்பார் வயிற்றைத் திறந்து பிடிக்கும் கொழுக்கிகளையும் இந்தச் சட்டத்திலேயே பூட்டிவிட்டார். கொழுக்கியை இழுத்துப் பிடித்தபடி கால் மரத்து நின்ற பயிற்சி வைத்தியர்களுக்கு அது பெரிய உபகாரம். 1980களில் வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே குழாய்க் கமெராவைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் முறை பரவியபோது, பிடிக்கும் ஆள் மறுபடியும் தேவைப்பட்டான். கமெராவை ஓர் உதவியாளர் மணிக்கணக்காகப் பிடிக்க, அவர் கை நடுங்க, திரையிலே வயிறு முழுவதும் நடுங்கியது.

யந்திரக் கை என்ற கருவி பிறந்த இடம் வைத்தியசாலையன்று, மோட்டார்த் தொழிற்சாலை. 1961இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் சூடான வார்ப்புகளைத் தூக்கிவைக்க 'யூனிமேட்' என்ற முதல் யந்திரக் கை நிறுவப்பட்டது. அதன் வம்சத்தில் வந்த 'பூமா' என்ற கையை 1985இல் கலிபோர்னியாவில் லோங் பீச் நகர வைத்தியர்கள் ஒரு நோயாளியின் மூளைக்குள் ஊசியை நேராகச் செலுத்துவதற்குப் பயன்படுத்தினார்கள். காரியம் நேர்த்தியாக நடந்தது. ஆனால் அந்தக் கையைச் செய்யும் கம்பனி இதைத் தொடர விரும்பவில்லை. மனிதர் நெருங்கக்கூடாதென்று வேலிக்குள் நிறுத்தவேண்டிய யந்திரம் அது. தொழிற்சாலைத் தரையில் ஆணி அடித்து நிறுத்தும் கை, மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருக்கும் மனிதனுக்குப் பக்கத்தில் நிற்கப் பழகியிருக்கவில்லை.

அதைப் பழக்கியது 'ஈசொப்' என்ற சிறு கை. கலிபோர்னியாவின் கம்பியூட்டர் மோஷன் கம்பனி செய்தது. 1990களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தது. அதன் வேலை ஒன்றே ஒன்று: கமெராவைப் பிடித்துக்கொண்டிருப்பது. மேலே, கீழே, இடம், வலம் என்று வைத்தியர் வாயாற் சொன்னால் நகரும். தள்ளுவண்டியில் கொண்டுவந்து, மேசையின் பக்கச் சட்டத்திற் கொளுவி இறுக்கிவிட்டால் வேலை தொடங்கலாம்; முடிந்ததும் கழற்றி அடுத்த கூடத்துக்குக் கொண்டுபோகலாம். இதே கம்பனி பிறகு செய்த 'சீயஸ்' இந்த முறையை விரித்தது. மூன்று தனித்தனிக் கைகள். மூன்றும் மேசைச் சட்டத்தில், வைத்தியர் விரும்பிய இடத்தில் பூட்டப்படும். கட்டளையிடும் வைத்தியர் எட்டத்தில் ஒரு பீடத்தின்முன் அமர்ந்திருப்பார்.

மேசையிற் பூட்டுவதன் சிறப்பு எதில் இருக்கிறது? சிறு துளை வழியே செய்யும் சிகிச்சையில் கருவி அந்தத் துளையை ஊன்றுபுள்ளியாகக் கொண்டே ஆடவேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வயிற்றுச்சுவர் கிழியும். துளையின் அகலம் 5 முதல் 12 மில்லிமீற்றர்வரைதான். இப்போது நடுவில் நோயாளியைச் சரிக்கவேண்டி வந்தது என்று வையுங்கள். டிரெண்டலன்பேர்க்கின் சரிவு இன்றும் அன்றாடத் தேவைதான். கை தரையில் நின்று மேசை மட்டும் சரிந்தால் துளை ஓரிடமும் கருவி ஓரிடமுமாகப் பிரிந்துவிடும். ஆகவே கருவிகளை வெளியே எடுத்து, யந்திரத்தை விலக்கி, மேசையைச் சரித்து, மறுபடியும் எல்லாவற்றையும் கொளுவவேண்டும். கை மேசையிலேயே பூட்டப்பட்டிருந்தால் மேசை சரியும்போது கையும் கூடவே சரியும். உடலுக்கும் கைக்கும் உள்ள உறவு மாறாது. தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் குனிவது ஒரு பொருட்டல்லவே.

குறை இல்லாமல் இல்லை. 10 கிலோகிராம் எடையுள்ள ஒரு கையின் பாரமையம் பூட்டிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், அந்தப் பூட்டு தாங்கும் முறுக்கு, 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 60 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம். திரைக்கம்பி மாட்டுவதற்கென்று செய்த சட்டம் இதைத் தாங்கவேண்டும். தாங்கினால் மட்டும் போதாது, அசையவும் கூடாது. பூட்டு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்ந்தாலும் 60 சென்ரிமீற்றருக்கு அப்பால் கருவியின் நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விலகிவிடும். பித்தப்பைக்குப் போகும் நாடியின் குறுக்களவே இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். அத்துடன் மூன்று கைகள் மேசையைச் சுற்றி நின்றால் அவை ஒன்றோடொன்று முட்டும், தாதிக்கும் மயக்கமருந்து வைத்தியருக்கும் இடம் குறையும். விரும்பிய இடத்தில் பூட்டலாம் என்ற சுதந்திரத்துக்கு விலை, ஒவ்வொரு முறையும் எங்கே பூட்டுவது என்று யோசிக்கவேண்டிய பொறுப்பு.

மற்றொரு கலிபோர்னியக் கம்பனியான இன்டியுட்டிவ் சேர்ஜிக்கல் எதிர்வழியிற் போனது. அதன் 'டா வின்சி' தன் கைகளையெல்லாம் ஒரே தூணிற் பொருத்தி, அரை டன்னுக்கும் மேற்பட்ட ஒரு பெரிய வண்டியாகத் தரையில் நிறுத்தியது. கனத்தால் அசைவை வென்றது. மனித மணிக்கட்டைப்போல வளையும் நுனிகளும், ஆழம் தெரியும் இரட்டைக் கண்ணும் அதற்கு இருந்தன. கருவியாகப் பார்த்தால் சீயசைவிட அது மேலானது என்று கையாண்ட பலர் சொன்னதை நாம் மறுக்கவேண்டியதில்லை. 2000 ஜூலையில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அந்த வண்டிக்கு அகன்ற கூடம் வேண்டும், பாரம் தாங்கும் தளம் வேண்டும். ஒருமுறை நிறுத்தினால் இலேசில் இடம் மாற்றமுடியாது.

சீயசின் பெருநாள் 2001 செப்டெம்பர் 7. பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மேசைமேல் ஒரு பெண்மணி, 68 வயது, பித்தப்பையை அகற்றவேண்டும். மேசைச் சட்டத்தில் சீயசின் கைகள். கட்டளை பீடமோ நியூயோர்க்கில். வைத்தியர் ஜாக் மாரெஸ்கோ அங்கே கையை அசைக்க, அத்லாந்திக்கின் அடியிற் கிடந்த கம்பிவழியே கட்டளை போய்த் திரும்பும் தாமதம் 155 மில்லி செக்கன்களே. அத்லாந்திக்கைத் தனியே கடந்த விமானியின் பெயரால் இதை லிண்ட்பேர்க் சிகிச்சை என்கிறார்கள். நான்கு நாட்களில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. உலகம் இந்தச் செய்தியை மறந்துபோயிற்று.

மறதிக்கு அதுமட்டும் காரணமன்று. 2000ஆம் ஆண்டு முதலே இரு கம்பனிகளும் காப்புரிமைகளுக்காக ஒன்றையொன்று நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தன. துளைவழிச் சிகிச்சைக்கான யந்திர அசைவு என் சொத்து என்றது ஒன்று. என் சொத்து என்றது மற்றது. 2003இல் வழக்குகள் முடிந்தன. எப்படி? இன்டியுட்டிவ், கம்பியூட்டர் மோஷனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சீயஸ் நிறுத்தப்பட்டது. சமுத்திரத்தைக் கடந்த கைகள், ஒரு கையெழுத்தைக் கடக்கமுடியாமல் நின்றன. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உலகச் சந்தையில் வயிற்றுச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரே யந்திரம், ஒரே கம்பனி, அது வைத்ததே விலை. கருவி நுனிகள்கூட இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கை வைத்து விற்கப்பட்டன. விஞ்ஞானத்தின் பாதையைத் திறமை மட்டும் தீர்மானிக்கிறது என்று வகுப்பறையிற் சொல்லிக்கொடுக்கும் நாம், இந்த அத்தியாயத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மேசையிற் பூட்டும் எண்ணம் இருந்தும் சாகவில்லை. ஜெர்மனிய வான்வெளி ஆய்வு நிலையத்தார் 'மீரோ' என்ற கையைச் செய்தார்கள். எடை 10 கிலோ அளவே. ஒரு தாதி தூக்கி மேசைச் சட்டத்தில் மாட்டிவிடலாம். விண்கலத்துக்கென எடையைக் குறைத்துக் குறைத்துப் பழகியவர்களின் கைவண்ணம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் செய்த 'ரேவன்', பாலைவனத்திலும் கடலடி ஆய்வு நிலையத்திலும் பரீட்சிக்கப்பட்டது. பணம் கொடுத்தது அமெரிக்க இராணுவம். இந்தத் துறை முழுவதுக்குமே ஆரம்ப உரம் போட்டது போர்க்களத்தில் விழும் சிப்பாயைத் தூரத்திலிருந்து காப்பாற்றும் ஆசைதான். யுத்தத்துக்கு வேண்டுமென்றால் எடை குறைகிறது, மடித்து எடுத்துச்செல்ல முடிகிறது, எங்கும் பூட்ட முடிகிறது. மலைநாட்டுக்கும் வேண்டியவை இவைதாம் என்று அந்தப் பொறியியலாளர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டா வின்சியும் மேசையின் அருமையைக் கடைசியில் உணர்ந்தது. 2016 முதல், அதன் புதிய வடிவமும் ஒரு விசேஷ மேசையும் கம்பியில்லாமற் பேசிக்கொண்டு ஒன்றாகச் சரியும் ஏற்பாடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தரையில் நின்றபடியே மேசையிற் பூட்டியதுபோல நடிக்கும் ஏற்பாடு என்று சொன்னால் தவறில்லை. அதற்கும் அந்தக் குறிப்பிட்ட மேசையையே வாங்கவேண்டும். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியின் 'ஒட்டாவா'வோ கைகளை மேசையோடு ஒன்றாகவே செய்து, வேண்டாதபோது மேசைக்கடியில் மடித்துவிடுகிறது. 2025இல் முதன்முதலாக மனிதர்மீது பரீட்சிக்கப்பட்டது. இன்னொரு வழி, தூணை உடைத்து ஒவ்வொரு கையையும் தனிச் சிறுவண்டியில் நிறுத்துவது. கேம்பிரிட்ஜில் பிறந்த 'வேர்சியஸ்' அந்த வகை. அதை முதன்முதலில் மனிதரிடத்தில் சோதித்தது இங்கிலாந்தில் அன்று. 2019இல் புனே நகரில். முதற் சோதனைக்கு இந்திய உடல் ஏற்றதாக இருந்தது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வாசகர்களே யோசிக்கட்டும். அதே வகையான 'ஹியூகோ' 2021இல் சென்னை அப்பல்லோவுக்கு வந்தது. இந்தியாவிலேயே, குருகிராமில் செய்யப்பட்ட 'மந்திரா'வும் தனிவண்டிக் கைகளையே கொண்டது, 2022இல் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே சென்னை ஓமந்தூரார் தோட்டத்திலுள்ள தமிழ்நாடு அரசு வைத்தியசாலையில் 34 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் யந்திரக் கைச் சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. கூலிக்காரனும் கட்டணமின்றிப் படுக்கக்கூடிய ஒரு மேசைக்கு அந்தக் கை வந்து சேர்ந்ததை நாம் குறைத்து மதிக்கமாட்டோம்.

கொஸ்லந்தையின் நிலை என்ன? கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பெருவீதி பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தையைத் தொட்டு, தியலும நீர்வீழ்ச்சியைக் காட்டிவிட்டு வெல்லவாய நோக்கிப் போகிறது. சுற்றுலாக்காரர் நீர்வீழ்ச்சிக்கு நிற்பார்கள். இந்த ஊரில் ஒருவருக்குக் குடல் முறுகினால், பெரகலை ஏறி, ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று வளைவு வளைவாகப் போய், தேவைப்பட்டால் பதுளைப் பெரியாஸ்பத்திரி வரை செல்லவேண்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின; தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி நத்தை வேகத்தில் நகர்கிறது. இந்த நிலையில் யந்திரக் கையைப் பற்றிப் பேசுவது, கூழுக்கே வழியில்லாதவன் கொப்பிளிக்கப் பன்னீர் கேட்பது போலாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. நம் பதில் இது. அரை டன் வண்டி கொஸ்லந்தைக்கு வேண்டியதில்லை. வந்தாலும் நிறுத்த இடமில்லை, பழுதுபார்க்க ஆளில்லை. முதலில் வேண்டியவை மயக்கமருந்து வைத்தியர், இரத்தம், நிற்காத மின்சாரம், மழையிலும் ஓடும் அம்புலன்ஸ். ஆனால் ஈசொப் செய்த எளிய வேலை, ஒரு கமெராவை அசையாமற் பிடித்துக்கொண்டிருப்பது, ஆள் பற்றாக்குறையான சிறு வைத்தியசாலைக்கே அதிகம் பயன்படக்கூடியது. பெரிய நகரத்தில் பிடிக்க ஆள் உண்டு, இங்கேதான் இல்லை. இருக்கிற மேசையின் சட்டத்தில் கொளுவி, வேலை முடிந்ததும் கழற்றி, வாகனத்தில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகக்கூடிய கை எதுவோ, அதுவே மலைக்கு ஏறக்கூடிய கை. எங்கும் பூட்டக்கூடியதாகச் செய்வது என்ற தொழில்நுட்பக் கேள்வியை நாம் விடாமற் பிடிப்பதன் காரணம் இதுதான். கூடத்தையே யந்திரத்துக்காக இடித்துக் கட்டவேண்டுமென்றால் கட்டக்கூடியவன் மட்டும் வாங்குவான். யந்திரம் கூடத்துக்கு ஏற்ப வளைந்தால் வழி கொஞ்சம் அகலும்.

அதிலும் ஓர் அற்பமான இடைஞ்சல் உண்டு, அற்பமென்று விட்டுவிடக்கூடாதது. மேசையின் பக்கச் சட்டம் உலகம் முழுவதும் ஒரே அளவில் இல்லை. ஐரோப்பியச் சட்டம் 25 மில்லிமீற்றர் உயரமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. அமெரிக்கச் சட்டம் ஏறத்தாழ 28.6க்கு 9.5. ஜப்பானிய மேசை வேறு, பழைய ஆங்கிலேய மேசை வேறு. ஒன்றுக்குச் செய்த பூட்டு மற்றதில் ஏறாது, ஏறினாலும் ஆடும். பூட்டின் சிறு நெகிழ்வும் நுனியில் எவ்வளவாகும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். நன்கொடையாகவும் கடனாகவும் பலதேசத்து மேசைகள் வந்து சேரும் நம்போன்ற நாடுகளில் இந்த வேற்றுமை எந்தக் காப்புரிமை வழக்குக்கும் குறையாத தடை. இரண்டு மூன்று அளவுச் சட்டங்களையும் இறுகப் பற்றும் ஒரு பூட்டை வார்ப்பது, நம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு எட்டாத வித்தையன்று. ஒரு கடைசல் யந்திரமும் நல்ல உருக்கும் பொறுமையும் போதும்.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளிலே தங்கவைக்கப்பட்டார்கள். பாடசாலையின் வாங்கு மேசைகளே கட்டிலும் மருந்து மேசையுமாயின. பிறகு அவர்களிற் பலரைப் பயன்பாடற்றுக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் குடியேற்றினார்கள். ரோலர்களுக்கென்று ஒரு காலத்தில் அத்திவாரமிட்ட கட்டடத்தில், அந்த ரோலர்களுக்குக் கொழுந்து பறித்தவர்களின் சந்ததி, சேலையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் நடத்தியது. புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.